எல்லோருக்கும் மருத்துவம், மாநிலச் சட்டமாக: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மருத்துவம் ஒவ்வொருவருக்கும் சட்டப்படியான உரிமையாக வேண்டும், கைக்காசு இல்லாமல் கிடைக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் ஊர் ஊராகப் பேசி, கையெழுத்து வாங்கிவருகிறோம். கிராம சபையிலும் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

"எல்லாருக்கும் மருத்துவம்னா, எல்லாருக்கும் ஒரு இன்சூரன்ஸ் அட்டை கொடுக்கிறதா?"

இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால், யாராக இருந்தாலும், பக்கத்திலேயே தரமான சிகிச்சை கிடைக்க வேண்டும். அதற்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கும் நிலை வரக்கூடாது. காய்ச்சல் மாத்திரையும் இதில் அடக்கம், புற்றுநோய் அறுவை சிகிச்சையும் அடக்கம். செலவை நோயாளி படுத்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டிலிருந்து பிடுங்காமல், எல்லோரும் முன்கூட்டியே கட்டும் வரியிலிருந்து எடுக்க வேண்டும். அட்டை என்பது இதற்கு ஒரு வழிதான்.

இது நேற்று முளைத்த கோரிக்கை அல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் சுகாதாரத்தை ஆராய அமைக்கப்பட்ட, ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு 1946-லேயே, பணம் கட்ட முடியாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை தவறிவிடக் கூடாது என்று எழுதியது. 2011-ல் மருத்துவர் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான உயர்மட்டக் குழு, காப்பீட்டு நிறுவனங்களை நடுவில் வைக்காமல் வரிப்பணத்தைக் கொண்டே எல்லோருக்கும் சிகிச்சையும் இலவச மருந்தும் தரலாம் என்று திட்டக் குழுவிடம் பரிந்துரைத்தது.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில எல்லாமே ஃப்ரீதானே? இன்னும் என்ன வேணும்கிறீங்க?"

நம் அரசு மருத்துவமனைகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, வெளி ஆய்வகங்களில் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது.

ஆனால் இலவசமாக இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. பகலில் மட்டும் புறநோயாளிகளைப் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் கட்டட வேலைக்காரருக்கு ஒருநாள் கூலி போய்விடும். அதனால் அவர் வேலை முடிந்து சாயங்காலம் தனியார் கிளினிக்குக்குப் போகிறார். எலும்பு மருத்துவர் இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்க என்பதும், இந்த ஒரு மருந்தை மட்டும் வெளியே வாங்கிக்கங்க என்பதும் எல்லோரும் கேட்டிருப்பதுதான். தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. 2013-14-ல் இது 64.2 சதவீதம். குறைந்திருப்பது நல்லதுதான். ஆனாலும் 100 ரூபாயில் 40 ரூபாயை நோயாளியின் குடும்பமே கட்டும்போது எல்லாம் இலவசம் என்று சொல்லிவிட முடியாது.

"எங்ககிட்ட முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே, 5 லட்சம் வரைக்கும் பார்க்கலாம்கிறாங்க. அது போதாதா அக்கா?"

அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது நிஜமாகவே உயிர் காத்திருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018-ல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் இந்த அட்டையை நம்பியிருக்கும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

ஆனால் அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கானது, அதிலும் பெரும்பகுதி மருத்துவமனையில் சேர்ந்தால்தான் கிடைக்கும். நம் வீடுகளில் மாதாமாதம் காசு கரைவதோ வேறு இடத்தில். கையெழுத்து வாங்கப் போன ஒரு வீட்டில் ஒரு அம்மா மஞ்சப்பையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே காப்பீட்டு அட்டை, கிளினிக் சீட்டு, ரப்பர் பேண்ட் போட்ட மெடிக்கல் பில்கள், கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டுகள். ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கக் காசு இல்லாததால் அஞ்சு அஞ்சாக வெட்டி வாங்குகிறார். கையில் காசு இல்லாத நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். அந்தப் பில்களில் ஒன்றுக்குக்கூட அட்டை உதவாது. சர்க்கரை முற்றிக் கால் புண்ணாகி, விரலை எடுக்க வேண்டிய கட்டம் வந்த பிறகுதான் அந்த அட்டைக்கே வேலை வரும். விரலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மாத்திரைக்கு வழி இல்லாமல் இருப்பதுதான் எங்களை இப்படி அலைய வைக்கிறது.

"வருமானச் சான்று வாங்கவே ரெண்டு நாள் அலையணும். ஆளு ஐ.சி.யூ.ல கிடக்கும்போது யாரு போய் அலையறது?"

உண்மை. அட்டைக்குக் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று எல்லாம் வேண்டும். எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்தவர் தப்பித்தார். இதுவரை எடுக்காதவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய் எடுங்கள்.

அலைச்சலை விடப் பெரிய சிக்கல் வருமான வரம்பு. ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்தது, 2022-லிருந்து 1,20,000 ஆனது. அப்படிப் பார்த்தாலும் மாதத்துக்குப் பத்தாயிரம்தான். கணவன் கொத்தனார் வேலைக்கும் மனைவி பனியன் கம்பெனிக்கும் போகும் வீடு உண்மையான கணக்கைச் சொன்னால் இதைத் தாண்டிவிடும். ஜவுளிக்கடையிலோ ஹோட்டலிலோ வேலை பார்ப்பவருக்கு முதலாளி இ.எஸ்.ஐ. பிடித்தால் தப்பித்தார், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. தனியார் காப்பீடு எடுக்கவும் வசதி கிடையாது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் எங்கள் மனுவில் முதலில் கையெழுத்துப் போடுகிறார்கள். வரம்பைக் கொஞ்சம் ஏற்றினால் கோடு கொஞ்சம் தள்ளிப் போகும், ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் எப்போதும் யாராவது இருப்பார்கள். அதனால் வரம்பையே எடுக்கச் சொல்கிறோம்.

"அப்போ பங்களாக்காரனுக்கும் இலவசமா? என்ன நியாயம் இது?"

அவர் தன் வருமானத்துக்கேற்ற வரியைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார். பெட்ரோலுக்கும் சோப்புக்கும் வரி கட்டும் கூலித் தொழிலாளியும் அப்படியே. வாங்கும்போது வசதிக்குத் தகுந்தாற்போல் வாங்கி, கொடுக்கும்போது தேவைக்குத் தகுந்தாற்போல் கொடுப்பதுதான் முறை. அரிசிக்கு நம் மாநிலம் இதைத்தான் செய்கிறது. ரேஷன் கடையில் வருமானச் சான்று கேட்டு ஆளை வடிகட்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏழைகள் மட்டும் வரும் இடமாக அரசு மருத்துவமனையை விட்டுவிட்டால் அங்கே லிஃப்ட் ஓடாததைக் கேட்க ஆள் இருக்காது. வாத்தியாரும் வக்கீலும் தங்கள் அம்மாவை அதே வார்டில் சேர்த்தால் அந்த லிஃப்ட் சீக்கிரம் ஓடும். எல்லோரும் பயன்படுத்துவதுதான் தரத்துக்குக் காவல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"இதையெல்லாம் டெல்லியில கேக்க வேண்டியதுதானே? மாநிலம் என்ன பண்ண முடியும்?"

நிறையச் செய்ய முடியும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் 6-ஆவது இனமாக இருக்கின்றன. சட்டம் போடும் அதிகாரம் சென்னையில் இருக்கிறது. இந்த விஷயத்தில் நமக்கு நீண்ட வரலாறும் உண்டு. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகம் 1922-லிருந்து இருக்கிறது, சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ல் வந்தது.

மாநிலம் முன்னே போனால் நாடு பின்னாலேயே வரும் என்பதற்குக் கனடா நல்ல உதாரணம். சஸ்காச்சுவான் என்ற ஒரே மாகாணம், முதல்வர் டாமி டக்ளஸ் காலத்தில், 1947-ல் எல்லோருக்கும் மருத்துவமனைக் காப்பீடு கொண்டுவந்தது. 1962-ல் மருத்துவர் கட்டணத்தையும் சேர்த்தது. பத்தே ஆண்டில், 1972-க்குள், கனடா முழுவதும் அந்த வழிக்கு வந்துவிட்டது. நம் சத்துணவுத் திட்டமும் அப்படித்தான் நாட்டுக்கு வழி காட்டியது. 2001-ல் எல்லா மாநிலங்களிலும் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இங்கே அது பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

டெல்லிக்கும் பொறுப்பு உண்டு, அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயுஷ்மான் பாரத்தில் ஒன்றிய அரசு தரும் 60 சதவீதப் பங்கு முக்கியமாக 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கானது, அதில் இல்லாத பெரும்பாலான குடும்பங்களை மாநிலம் தன் காசில் சுமக்கிறது. அந்தப் பங்கையும் தொடர்ந்து கேட்க வேண்டும்.

"பேச நல்லாத்தான் இருக்கு. காசு எங்கிருந்து வரும்?"

கேட்க வேண்டிய கேள்விதான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் மாநிலத்தின் மொத்தச் செலவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். மாநிலங்கள் 2020-க்குள் தங்கள் செலவில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. அந்த 8 சதவீதத்தை நோக்கி ஆண்டுதோறும் ஏறிப்போகும் அட்டவணை ஒன்றைச் சட்டத்திலேயே எழுதச் சொல்கிறோம். ஒரே ஆண்டில் கேட்கவில்லை.

அடுத்தது, எங்கே செலவழித்தால் பணம் மிச்சமாகும் என்பது. 2017-ல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய 3 வட்டாரங்களில் தமிழ்நாடே ஒரு சோதனை செய்து பார்த்தது. துணை சுகாதார நிலையத்தில் கூடுதலாக ஒரு செவிலியர், தேவையான மாத்திரைகள், தினமும் திறந்திருக்கும் கதவு, அவ்வளவுதான் மாற்றம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தனியாரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் துணை நிலையத்துக்குத் திரும்பினார்கள், கைச்செலவும் குறைந்தது. பக்கத்தில் நர்ஸ் இருந்து மாத்திரையும் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கான கூட்டம் பாதியிலேயே நின்றுவிடும் என்று ஊரில் பாட்டிமார் சொல்வதைத்தான் அந்த ஆய்வும் சொன்னது.

தாய்லாந்து 2002-ல் வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம் தந்தபோது அது பணக்கார நாடு இல்லை. அதற்கு முன் பல ஆண்டுகள் மாவட்ட மருத்துவமனைகளைக் கட்டி, ஆள் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அடித்தளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே சட்டத்துக்காகப் பொதுமக்கள் 50,000-க்கும் மேல் கையெழுத்து திரட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"திட்டம்தான் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கே. சட்டம் வேற எதுக்கு?"

திட்டத்தை ஒரு அரசாணையில் தொடங்கலாம், இன்னொரு அரசாணையில் சுருக்கிவிடலாம். மறுத்தால் எங்கே போய்க் கேட்பது என்று திட்டத்தில் தெளிவு இருக்காது. சட்டம் இருந்தால் கிடைக்க வேண்டியது என்ன, எத்தனை நேரத்துக்குள், மறுத்தவருக்கு என்ன தண்டனை, புகாரை யார் விசாரிப்பது என்று எல்லாம் எழுத்தில் இருக்கும்.

நீதிமன்றம் இதில் பாதி வழி வந்துவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. தனியாரிடம் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்துத்தான் பிழைத்தார். அவசர சிகிச்சை தராதது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறியது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பணம் இல்லை என்று அரசு காரணம் சொல்ல முடியாது என்றும் சொன்னது. ஆனால் உரிமைக்காக ஒவ்வொருவரும் உச்ச நீதிமன்றம் வரை போக முடியாதே. தாலுகா அளவில் கேட்கவும் பதில் வாங்கவும் ஓர் இடம் வேண்டும், அதைச் சட்டம்தான் தர முடியும்.

"ராஜஸ்தான்ல சட்டம் போட்டாங்களே, டாக்டருங்க ஸ்ட்ரைக் பண்ணி நாறிப்போச்சே?"

ராஜஸ்தான் சட்டமன்றம் 2023 மார்ச் 21-ல் மருத்துவ உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது, இந்தியாவில் அதுதான் முதல். அவசர சிகிச்சையை முன்பணம் கேட்காமல் தர வேண்டும், செலவை அரசு தரும் என்பது அதன் மையம். தனியார் மருத்துவர்கள் சுமார் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் 4-ல் உடன்பாடு வந்தது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளுக்கும், அரசிடமிருந்து நிலமோ சலுகையோ வாங்காதவற்றுக்கும் விலக்குக் கிடைத்தது. அப்புறம் ஆட்சி மாறியது, சட்டத்துக்கான விதிகள் வராமலே காலம் ஓடியது.

மருத்துவர்களின் பயத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு: அவசரம் என்றால் என்ன, எவ்வளவு பணம், எத்தனை நாளில் வரும் என்று சட்டத்தில் தெளிவில்லை. அந்த இடத்தில் தமிழ்நாட்டிடம் பதில் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். எந்த ஊர்க்காரர், எவ்வளவு வருமானம் என்ற கேள்வியே இல்லை. சிகிச்சை இது, தொகை இது என்று முன்பே முடிவாகியிருப்பதால் இங்கே யாரும் கதவை அடைத்துக்கொண்டு போராடவில்லை. மாரடைப்புக்கும் பாம்புக்கடிக்கும் பிரசவச் சிக்கலுக்கும் அதையே நீட்டச் சொல்கிறோம்.

சஸ்காச்சுவானிலும் 1962-ல் மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது, அதோடு பேச்சுவார்த்தையையும் நிறுத்தவில்லை. சட்டம் நிலைத்தது. விதிகளை உடனே வகுக்க வேண்டும் என்பது ராஜஸ்தானைப் பார்த்து மட்டும் நாம் கற்க வேண்டிய பாடம் இல்லை. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் நம் சொந்தச் சட்டம் 1997-ல் வந்தது, விதிகள் வந்தது 2018-ல். அதனால்தான் "ஆறு மாதத்துக்குள் விதிகள்" என்று, நாங்கள் எழுதி வைத்திருக்கும் சட்ட வரைவில் தனி வரி இருக்கிறது.

"தனியார் ஆஸ்பத்திரியை எல்லாம் மூடச் சொல்றீங்களா சார்?"

இல்லை. ஊரில் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறக்கும் சின்ன நர்சிங் ஹோம்கள் நமக்கு வேண்டும். கட்டணப் பலகை வைக்க வேண்டும், விவரமான பில் தர வேண்டும், அவசரத்தில் முன்பணம் கேட்கக் கூடாது. இந்த மூன்றைத்தான் தனியாரிடம் கேட்கிறோம்.

"இலவசம்னா சும்மா சும்மா வந்து கூட்டம் போடுவாங்களே?"

கூலியை விட்டுவிட்டு ஊசி போட்டுக்கொள்ள யாரும் ஆசையாக வருவதில்லை. வராமல் இருப்பவர்கள்தான் இன்றைய பிரச்சினை. மஞ்சப்பை அம்மாவைப் பற்றி மேலே சொன்னேன்.

"நம்ம வரிப்பணத்துல வடநாட்டு ஆளுங்களுக்கும் பார்க்கணுமா?"

பார்க்க வேண்டும். திருப்பூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் இங்கே சாப்பிடுகிறார்கள், இங்கே பொருள் வாங்குகிறார்கள், இங்கேதான் வரி விழுகிறது. அவர்களில் ஒருவருக்குக் காசநோய் வந்து சிகிச்சை இல்லாமல் இருந்தால், அதே அறையிலும் அதே பஸ்ஸிலும் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

மேலே சொன்ன இன்னுயிர் காப்போம் ஊர் பேர் கேட்பதில்லை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் வருமான வரம்பு கிடையாது. எல்லோரையும் சேர்ப்பது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. "தமிழ்நாட்டில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும்" என்ற சொற்களை வரைவிலிருந்து எடுத்துவிட்டால் கையெழுத்து நிறையக் கிடைக்கும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நாங்கள் எடுக்கவில்லை.

"அட்டை இருந்தும் எங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரியில 40,000 கட்டச் சொன்னாங்க. என்ன பண்றது?"

திட்டத்தில் அனுமதி வாங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் கூடுதலாகப் பணம் வாங்கக் கூடாது. அங்கேயே இருக்கும் காப்பீட்டுத் தொடர்பு அலுவலரிடம், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அனுமதி வந்தது என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாக விடாதீர்கள், பில்லோ ரசீதோ வாங்குங்கள். துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுத்தாலும் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் 104-க்கு அழைத்துப் புகாரைப் பதியச் சொல்லுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நகல்களைக் கொடுத்து, ரசீது எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா உள்ளே படுத்திருக்கும்போது மகன் வெளியே சண்டை போடத் தயங்குவான். கட்டிவிட்டு வந்துவிடுவோம் என்றுதான் தோன்றும், அதில் தவறே இல்லை. அந்தச் சுமையை அவன் தலையிலிருந்து இறக்கத்தான் சட்டத்தில் தனி விசாரணை அதிகாரி வேண்டும் என்கிறோம்.

"நீங்க எந்தக் கட்சி?"

எந்தக் கட்சியும் இல்லை. மேலே சொன்ன நல்ல திட்டங்கள் இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் வந்தவை. எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் ஒரே தாளைத்தான் நீட்டுகிறோம்.

"சரி தம்பி, நான் ஒரு ஆள் என்ன செஞ்சிட முடியும்?"

கிராமத்தில் இருந்தால் கிராம சபையிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக்கு 6 முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொதுவாக "மருத்துவ வசதி வேண்டும்" என்று எழுதினால் அது கோப்பில் போய்த் தூங்கும். ஊர் பெயரோடு, ஆள் கணக்கோடு எழுதுங்கள். ஒரு மாதிரி:

"எங்கள் ஊராட்சியின் துணை சுகாதார நிலையம் வாரத்தின் எல்லா வேலை நாட்களிலும் திறந்திருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா மருந்துகள் இருப்பைப் பலகையில் எழுத வேண்டும். வருமான வரம்பின்றி அனைவருக்கும் மருத்துவம் தரும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும் என்று இச்சபை தீர்மானிக்கிறது."

தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகல் கேளுங்கள். அந்த நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு தொகுதியில் இருபது முப்பது ஊராட்சிகளிலிருந்து ஒரே தீர்மானம் போனால், அவர் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பாமல் இருப்பது கடினம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் இடம் எத்தனை, காலி எத்தனை, கடந்த ஆறு மாதத்தில் எந்த மருந்து எத்தனை நாள் இல்லை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த ஒரு பக்கப் பதில் கையில் இருந்தால் கூட்டத்தில் யாரும் நம்மைச் சும்மா பேசுகிறார்கள் என்று ஒதுக்க முடியாது.

"காப்பீட்டுல குறை சொல்லிட்டே இருந்தா, இருக்கிற அட்டையும் போயிடாதா?"

கேட்டவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவருடைய பயம் எங்களுக்கும் புரிகிறது. ராஜஸ்தானில் உரிமைச் சட்டம் ஒரு பக்கம் முடங்கிக் கிடக்க, காப்பீட்டுத் திட்டம் இன்னொரு பக்கம் பெயர் மாறி ஓடுகிறது. ஒன்று இன்னொன்றுக்குப் பதில் என்று அரசு சொல்லிவிட இடம் கொடுத்தால் இரண்டும் பாதியாகிவிடும்.

அதனால் எங்கள் கோரிக்கைக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறோம். முதலில் துணை நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாலை நேரப் பிரிவு, முழு மருந்து. இரண்டாவது, காப்பீட்டில் வருமான வரம்பு நீக்கம். மூன்றாவது, அவசர சிகிச்சையில் எல்லோரையும் எல்லா நோயையும் சேர்ப்பது. இவற்றைச் சேர்த்துக் கட்டும் சட்டம் நான்காவது. முதல் மூன்றுக்கும் அரசாணையே போதும், அவற்றுக்காகச் சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்ட வரைவிலும், இந்தச் சட்டம் வரும் நாளில் ஒருவர் பெற்றுக்கொண்டிருக்கும் எந்தச் சிகிச்சையையும் இடையில் நிறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறோம். அந்தப் பிரிவை எழுதச் சொன்னவர் இந்தக் கேள்வியைக் கேட்ட அவரேதான்.